42 பல்லுக்கு ஒரு வேலை

எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் உண்டு; ஜோடிகள் கிடையாது. கருப்பன் ஒரு ஜோடியில் இரண்டையும் கடிக்கமாட்டான். ஒன்றைக் குதறியதும் அடுத்தவர் செருப்புக்குப் போய்விடுவான். இரண்டையும் முடித்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம். ஒன்று மட்டும் முழுசாக இருப்பதால் போடவும் மனசு வராது, போட்டுக்கொள்ளவும் முடியாது. பரணில் ஒற்றைச் செருப்புகளின் சேமிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

கருப்பன் மதுரைத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. நிறத்தைப் பார்த்து மகன் வைத்த பெயர் அது. எங்கள் குலசாமி அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு என்பதை அவன் யோசிக்கவில்லை. விளைவை நான் அனுபவிக்கிறேன். "டேய் கருப்பா, உனக்கு அறிவிருக்கா?" என்று குரலை உயர்த்தினால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிடுவார். "ஏய்யா, சாமி பேரச் சொல்லியா வையுற? வாய் வெந்து போகும்!" ஆக, எங்கள் வீட்டில் திட்டவே கூடாத ஒரே ஜீவன் அவன்தான். அது அவனுக்கும் தெரியும்.

முதலில் வைத்தியம் சொன்னவர் மைத்துனர். பாகற்காயை அரைத்துச் சாறெடுத்து, கடிக்கிற இடத்திலெல்லாம் தடவச் சொன்னார். நாற்காலிக் கால், கதவு மூலை, டிவி ரிமோட் என்று ஒன்று விடாமல் தடவினோம். கருப்பன் நாற்காலிக் காலை நக்கினான், கொஞ்சம் யோசித்தான், மறுபடி கடித்தான். மனித நாக்கில் சுமார் 9000 சுவை மொட்டுகள், நாய்க்கு 1700-தான் என்கிறார்கள். அந்தக் கணக்கின் பொருள் அன்று இரவு விளங்கியது. ரிமோட்டைத் தொட்ட கையோடு இட்லியைப் பிட்ட எங்கள் எல்லோருக்கும் கசந்தது. கருப்பன் மட்டும் ரசித்துச் சாப்பிட்டான்.

அடுத்த வைத்தியம் எதிர்வீட்டுப் பெரியவருடையது. "பழைய செருப்பு ஒண்ணக் குடுத்துருங்க தம்பி, புதுசுப் பக்கம் போகாது" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எது பழசு, எது போன வாரம் வாங்கியது என்பதைப் பில்லைப் பார்த்தா அவன் தெரிந்துகொள்வான்? செருப்பு என்பது கடிப்பதற்கு உரியது என்று எழுத்துபூர்வமாக அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றே பெரியவருடைய செருப்பும் ஒன்று போனது. அவர் நடந்துபோனதை நான் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டு போனதாக மகன் சொன்னான்.

ஏன் செருப்பையே தேடிப் போகிறான்? நம் வாடை அதில்தான் அதிகம். நாய்க்கு உலகமே மூக்கு வழியாகத்தான். நம் வியர்வை ஊறிய தோலும் காலுறையும் அதற்கு நாமேதான். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அதை எடுத்து மெல்லுவது ஒருவகைப் பாசம். "பார்த்தாயா, முதலில் என் செருப்பைத்தான் கடித்தான்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். "ஏங்க, அது பாசமில்லை. உங்க செருப்பு வாடை தெருமுனை வரைக்கும் வருது" என்றாள்.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் கருப்பனின் வாயைத் திறந்து பார்த்தார். "பல் விழுந்து முளைக்கிற வயசு" என்றார். நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்று நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்து சேர்கின்றன. மனிதனுக்கு 20 விழுந்து 32 முளைக்கப் பல வருஷம் ஆகிறது. இவன் அந்த வேலையை அரையாண்டுத் தேர்வுக்குள் முடித்தாக வேண்டும். ஈறு தினவெடுக்கும். கையில் கிடைத்ததைக் கடிக்கத்தான் செய்வான். அவனுக்குக் கையும் வாய்தான். துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கை: "துண்டு துண்டா விழுங்கிடாம, பக்கத்துல இருந்து பாத்துக்கங்க."

அவர் சிரிக்காமல் சொன்னவை வேறு. கரண்ட் வயரைச் சொருகியபடி விடாதீர்கள். மாத்திரை அட்டை, சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதுவும் எட்டக் கூடாது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையை விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். செருப்பு போனால் காசோடு போகும். இவை வாய்க்குப் போனால் உயிரே போகும்.

திட்டுவதைப் பற்றியும் கேட்டேன். கடித்து அரைமணி நேரம் கழித்துத் திட்டுவதில் பயனில்லை, எதற்கென்று அதற்குப் புரியாது என்றார். அப்படியானால் காதை மடக்கி, தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்க்கிறானே, அது குற்றவுணர்ச்சி இல்லையா? இல்லையாம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தின்னக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தைத் தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முகத்தில் வித்தியாசமில்லை. எஜமான் அதட்டினாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. என் வேட்டியில் ஓட்டை விழுந்திருந்த அன்று கருப்பனைக் கூப்பிட்டு விசாரித்தேன். உலகத்துப் பாவமெல்லாம் தன்னுடையது என்கிற முகத்தோடு நின்றான். மறுநாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து எலி வந்தது.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. 1936-ல் ஜான் ஸ்டைன்பெக் எழுதிக்கொண்டிருந்த 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலின் கையெழுத்துப் பிரதியில் பாதியை அவருடைய டோபி என்ற குட்டி நாய் கடித்துக் குதறிவிட்டது. அவர் உட்கார்ந்து மறுபடி எழுதினார். கருப்பன் என் கட்டுரைகளை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். அவன் கடித்த ஒரே காகிதம் வீட்டு வரி ரசீது.

மருந்து என்று உண்மையில் வேலை செய்தது பண்டமாற்றுதான். செருப்போடு ஓடுகிறவனைத் துரத்தினால் அவனுக்கு அது விளையாட்டு. துரத்தாமல், அதைவிட நல்லதொன்றைக் காட்டி, "விடு" என்று சொல்ல வேண்டும். விட்டதும் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் எங்கள் கூடம் அடகுக்கடை ஆனது. கேட்காமலே ஒவ்வொரு செருப்பாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிஸ்கட்டுக்குக் காத்திருந்தான். மருத்துவரிடம் சொன்னபோது, வாய்விட்டுச் சிரித்தார். "அவனோட பொம்மையக் கடிக்கும்போது குடுங்க, செருப்புக்குக் குடுக்காதீங்க" என்றார்.

பொம்மை என்றதும் ஒரு கதை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்தே பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழைய ஃபோக்ஸ்வேகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்று கையில் கிடைத்ததும் அது கல்லை விட்டுவிட்டது. 1976-ல் தொடங்கிய 'காங்' ரப்பர் பொம்மை வியாபாரத்துக்கு அதுவே மூலம். நடுவில் பள்ளமுள்ள அந்த மாதிரிப் பொம்மையில், உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறோம். நக்கி எடுக்க அரைமணி நேரம் ஆகிறது. அந்த அரைமணி நேரத்தில் அம்மா ஒரு சீரியல் பார்த்துவிடுகிறார்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கதவு வைத்த செருப்பு அலமாரி வாங்குங்கள், அப்புறம் கடிக்க நல்ல ரப்பர் பொம்மை, அப்புறம் குட்டி. ஏழு மாதத்துக்குப் பிறகும் கடித்தால் அது பெரும்பாலும் பல்லின் குறையாக இருக்காது. பொழுது போகாத குறைதான். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போங்கள். அந்த 42 பல்லும் உங்கள் வீட்டில்தான் இருக்கப் போகின்றன. வேலையை நீங்கள் கொடுக்காவிட்டால், அவை தாமாகவே தேடிக்கொள்ளும்.