கேரித் தீவுக் கிளைடர்க்காரருக்குச் சார்ஜர் இலக்கணம்

இயந்திரமே இல்லாத விமானத்துக்குச் சார்ஜர் எதற்கு? இத்துறையில் இறங்கும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய ஐயம் இது. ரேடியோ கட்டுப்பாட்டுக் கிளைடர், வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறி, பருந்துபோல் வட்டமிடுகிறது. எண்ணெய் கேட்பதில்லை. ஆனால் தரையிலிருந்து வரும் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும், வாலைத் திருப்பும் சர்வோவுக்கும் மின்சாரம் வேண்டும். அதைத் தருவது மூக்கினுள் அடங்கிய சிறு பேட்டரிக் கட்டு. இறக்கையில் கொட்டும் பணத்தில் கால் பங்கைக்கூடச் சார்ஜருக்கு ஒதுக்க மனம் வராதவர்கள் இக்கட்டைத்தான் நம்பிப் பறக்கவிடுகிறார்கள்.

தொல்காப்பியர் சார்ஜரைப் பற்றி மௌனம் காக்கிறார். எனினும் அவருடைய மூன்று அதிகாரங்களும் இதற்கு அப்படியே பொருந்துவதை இவ்வாய்வு கண்டறிந்துள்ளது.

எழுத்ததிகாரம்

செல்கள் மூவினப்படும். வல்லினம் நிக்கல் காட்மியம். 1899இல் சுவீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் உருவாக்கியது, முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். இடையினம் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதே 1.2 வோல்ட்தான், கொள்ளளவு அதிகம், பொறுமை குறைவு. மெல்லினம் லித்தியம் பாலிமர், வழக்கில் லிப்போ. இரும்புக் கூடு இல்லாத மென்பை, செல்லுக்கு 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. இம்மூன்றிலும் சேராமல் தனித்து நிற்கும் ஆய்தமும் ஒன்று உண்டு: லித்தியம் இரும்பு பாஸ்பேட். அது 3.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். லிப்போ என்று நினைத்து 4.2 வரை ஏற்றியவர் புதுக் கட்டு வாங்கப் போவார்.

புணர்ச்சி விதி எளிது. நான்கு நிக்கல் செல் தொடராகச் சேர்ந்தால் 4.8 வோல்ட், மோட்டார் வைத்த கிளைடருக்கு மூன்று லிப்போ சேர்ந்தால் 11.1. வல்லினத்துக்குரிய விதியை மெல்லினத்துக்குப் போட்டால் இலக்கணப் பிழையோடு நிற்காது, தீப்பிடிக்கும்.

சொல்லதிகாரம்

நல்ல சார்ஜர் மூன்று வினா எழுப்பும்: என்ன செல், எத்தனை செல், எத்தனை ஆம்பியர்? பதில் கிடைக்காமல் வேலையைத் தொடங்காது. பிறகு ஒரே ஒரு ஏவலைத் தனக்குத் தானே இட்டுக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்: நிறுத்து. ஒரு சார்ஜரின் தரம் எவ்வளவு ஏற்றுகிறது என்பதில் இல்லை. எப்போது நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

நிறுத்தும் முறையும் இனத்துக்கு இனம் வேறு. நிக்கல் கட்டு நிறையும்போது, அதுவரை ஏறிவந்த வோல்ட் சற்றே சரியும். மெட்டல் ஹைட்ரைடில் அந்தச் சரிவு செல்லுக்குச் சுமார் 5 மில்லிவோல்ட். நான்கு செல்லுக்கும் சேர்த்து 0.02 வோல்ட். நிக்கல் காட்மியத்தின் பெரிய சரிவுக்குப் பழகிய பழைய சார்ஜருக்கு இது கண்ணில் படாது. அது ஏற்றிக்கொண்டே போகும், கட்டு சூடாகிக்கொண்டே போகும். லிப்போவில் சரிவே கிடையாது. ஒரே சீரான ஆம்பியரில் தொடங்கி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்து, ஆம்பியரைப் படிப்படியாகக் குறைத்து முடிக்க வேண்டும். செல்கள் ஒன்றுக்கொன்று ஏறுமாறாக நிற்காமலிருக்கப் பேலன்ஸ் வயரும் செருக வேண்டும். மூன்று செல்லுக்கு நான்கு கம்பி.

ஐமேக்ஸ் பி6 என்ற சிறு பெட்டி இவ்வினாக்களை எல்லாம் கேட்கும். 50 வாட், ஒன்று முதல் ஆறு லிப்போ செல் வரை தாங்கும். அதன் போலிகளும் ஏராளம். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் வாங்கப் போகிறவர் ஒரு மல்டிமீட்டரும் சேர்த்து வாங்கி, மூன்று லிப்போ நிறைந்ததும் திரை காட்டும் 12.60 வோல்ட் உண்மையிலேயே 12.60தானா என்று அளந்து பார்ப்பது பாடபேத ஆராய்ச்சியாகும்.

பொருளதிகாரம்

ஆய்வுக் களம் கேரித் தீவு. லங்காட் ஆறு சிலாங்கூர் நிலப்பரப்பிலிருந்து வெட்டிப் பிரித்த தட்டை நிலம்; ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, உள்ளே கண்ணுக்கெட்டியவரை செம்பனை. குறிஞ்சி இங்கே இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஜுக்ரா மலையில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அங்கிருந்து பாராகிளைடரில் மனிதர்களே குதித்துப் பறக்கிறார்கள். மலைச்சரிவில் மோதி எழும் காற்று அவர்களுக்கு. தீவுக்காரர் ரப்பர் கயிற்றை இழுத்து எறிய வேண்டும், அல்லது சிறு மோட்டாரை நம்ப வேண்டும். மோட்டார் என்றால் லிப்போ, லிப்போ என்றால் சார்ஜர்.

கருப்பொருள்: செம்பனை, எலி, எலி பிடிக்கத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை, லாரி. கருப்பொருளில் இல்லாதது மின்செருகி. ஆகவே 12 வோல்ட் கார் பேட்டரியில் கவ்வி ஓடும் சார்ஜரே இந்நிலத்துக்குரியது. மூன்று செல் கொண்ட 2,200 மில்லியாம்ப்-மணி லிப்போ கட்டை 2.2 ஆம்பியரில் ஏற்ற அது கார் பேட்டரியிலிருந்து சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். திரும்பி வரும்போது கார் ஸ்டார்ட் ஆகும். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்து மட்டும் ஏற்றக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் செல்லுக்கு ஆகாது, காரின் உள்ளே அதைத் தாண்டிவிடும்.

உரிப்பொருளில்தான் திணை மயங்குகிறது. நெய்தலுக்கு உரியது இரங்கல். ரிசீவர் பேட்டரி தீர்ந்த கிளைடர் விழுவதில்லை. நன்றாகச் சமன் செய்த கிளைடர் அமைதியாக, அழகாக, யார் சொல்லும் கேட்காமல் நீரிணை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கரையில் நிற்பவருக்கு இரங்கலன்றி வேறு தொழில் இல்லை. மருதத்துக்கு உரியது ஊடல், பொழுது வைகறை. படுக்கையறை மேசையில் வைத்த சார்ஜர் அதிகாலையில் கீச்சிட்டு வேலை முடிந்ததை அறிவிக்கும் வீடுகளில் இது நிகழ்கிறது.

தடையும் விடையும்

"1,000 வாட் சார்ஜர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமே" என்பது ஒரு சாரார் தடை. மூன்று செல் லிப்போ நிறையும்போது 12.6 வோல்ட், 2.2 ஆம்பியரால் பெருக்கினால் 27.72 வாட். எஞ்சிய 972 வாட்டை என்ன செய்வது என்பதை அச்சாரார் விளக்கவில்லை.

"பெட்டியிலேயே இலவசமாக ஒரு சுவர் சார்ஜர் வந்ததே" என்பது மறு சாரார் தடை. வந்தது உண்மை. 2,000 மில்லியாம்ப்-மணி நிக்கல் கட்டுக்கு அது 200 மில்லியாம்ப் வீதம் ஊட்டும். நிறைய 14 முதல் 16 மணி நேரம் ஆகும், தானாக நிற்கவும் தெரியாது. ஞாயிறு காலை எட்டரைக்குக் கிள்ளானிலிருந்து கிளம்ப வேண்டியவர் சனி மாலை நாலரைக்கே செருகியாக வேண்டும். அந்நேரத்தில் ஜாலான் தெங்கு கிளானாவில் குடும்பத்தோடு துணிக்கடை ஏறி இறங்குகிறவருக்கு இம்முறை பொருந்தாது. அவர் 1 ஆம்பியரில் ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேலாக முடிக்கும் சார்ஜரை வாங்கி, ஞாயிறு பசியாறுவதற்கு முன் செருகிக்கொள்ளலாம்.