புலவர்களுக்குச் சோறு போட்ட எட்டப்பன்

பாஞ்சாலங்குறிச்சியில் நின்றுகொண்டு எட்டயபுரத்து ராஜாவைப் புகழ்ந்தால் முதுகு வீங்கும். அதனால் ஒட்டப்பிடாரம் தாண்டிய பிறகே வாயைத் திறக்கிறேன்.

இரண்டும் பக்கத்துப் பாளையங்கள். எல்லைத் தகராறு இரண்டுக்கும் பரம்பரைச் சொத்து. 1799இல் மேஜர் பானர்மேன் பீரங்கியோடு வந்தபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. தப்பியோடிய கட்டபொம்மனை விரட்டிக்கொண்டும் போனது. ஆனால் ஆளைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. கெட்ட பெயர் மட்டும் மொத்தமாக எட்டயபுரத்தில் வந்து இறங்கியது. சீட்டாட்டத்தில் காட்டிக்கொடுத்தவனை "ஏலே தொண்டைமானே" என்று யாராவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

நல்ல வக்கீல் இல்லாத குறை என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. தென்பாண்டியில் புலவனையும் பாட்டுக்காரனையும் இப்படித் தீனி போட்டு வளர்த்த அரண்மனை வேறு எது? கடிகைமுத்துப் புலவர் அங்கே அவைப்புலவர். அவருடைய மாணவர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அடங்கியிருப்பதும் எட்டயபுரத்தில்தான். முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதும் இங்கேதான். தம்பி பாலுசாமி ஏற்கெனவே சமஸ்தான வித்வான்.

1835 தீபாவளியன்று பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு சுடுகாட்டில் போய்ப் படுத்துவிட்டதாம். ராஜாவுக்கு உதறல். தீட்சிதரிடம் ஓடிவந்து தனக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று கேட்க, உமக்கும் உமது சீமைக்கும் ஒரு குறையும் வராது என்று தேற்றி அனுப்பிவிட்டு, அன்றைக்கே அவர் கண்ணை மூடினார் என்பது கதை. விருந்தாளி என்றால் இப்படி இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வந்த ஓலையைக் கையெழுத்துப் போட்டுத் தாமே வாங்கிக்கொண்டார்!

1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்திலேயே, அரண்மனை ஆதரவில், தெலுங்கு எழுத்தில் அச்சானது. முத்துசாமி தீட்சிதர் கிருதிகள் 229 ஸ்வரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. மார்கழிக் கச்சேரியில் முன்வரிசை மாமா தொடையைத் தட்டுவதில் எட்டப்பன் காசும் கொஞ்சம் உண்டு.

இத்தனை பேர் உண்டு களித்தார்களே, ராஜா மானத்தைக் காப்பாற்ற ஒரு விருத்தமாவது ஊரில் நின்றதா? இல்லை.

பாஞ்சாலங்குறிச்சியைப் பாருங்கள். சபையும் இல்லை, சன்மானமும் இல்லை. கோட்டை என்பதே மண் சுவர். 1801இல் சிறையிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை, இடித்துப்போட்டதை ஆறே நாளில் திரும்ப எழுப்பினார். இன்றைய காண்டிராக்டர் அந்நேரம் எஸ்டிமேட்டைக்கூட முடித்திருக்க மாட்டார். அந்த மண்ணைப் பிடிக்கக் கும்பினிக்கு மே 24 வரை ஆனது. பிடித்த ஆத்திரத்தில் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தான் வெள்ளைக்காரன் என்பார்கள். ஆனாலும் நாட்டுப்பாடகன் பைசா வாங்காமல் பாடினான். 1959இல் சிவாஜி கணேசன் வசனம் பேசியதும் எட்டப்பன் வழக்கு மேல்முறையீட்டுக்கு வழியின்றி முடிந்தது. 1974இல் அரசாங்கமே நினைவுக் கோட்டையும் கட்டிக்கொடுத்தது.

எட்டயபுரத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, பதினோரு வயதில் அங்கே 'பாரதி' பட்டம் வாங்கிய சுப்பையா. காசியிலிருந்து திரும்பியவருக்கு அரண்மனை வேலையும் கொடுத்தார்கள். அவரோ மதுரைக்கு வாத்தியாராகக் கிளம்பிவிட்டு, பிற்பாடு 'சின்னச் சங்கரன் கதை' எழுதினார். ஒரு சோம்பேறி ஜமீந்தாரையும் அவரைச் சுற்றி ஜால்ரா தட்டும் புலவர்களையும் பிய்த்து உதறுகிற கதை. ஊர்ப் பெயரைக் கவுண்டனூர் என்று மாற்றிவிட்டாராம், யாருக்கும் தெரியாதாம்!

அதே மனிதர் 1919இல், கையில் காசில்லாமல், எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி விடுத்தார், தம் கவித்திறத்தைக் கொஞ்சமும் குறைத்துச் சொல்லாமல். அரண்மனையிலிருந்து சல்லிக்காசு வரவில்லை. அந்தக் கதையைப் படித்த ராஜா யாராயிருந்தாலும் மணியார்டர் பாரத்தைத் தேடியிருப்பாரா, வேட்டை நாயைத் தேடியிருப்பாரா?