முகம் வாய்த்த கோமகன்

திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பேனர்களில் முகத்துக்குப் பஞ்சமே கிடையாது. தலைவர் வானத்தை மறைக்கிற அளவில், மாவட்டம் ஆளுயரத்தில், வட்டம் மார்பளவில், அதற்கும் கீழே காசு போட்ட தம்பிமார் தபால்தலை அளவில் வரிசையாக. காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா என்று கிட்டே போய்ப் படித்தால்தான் தெரியும். சிரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். கன்டெய்னர் லாரிப் புழுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவனைப் பார்த்து இத்தனை பேர் பல்லைக் காட்டும் ஊர் வேறெங்கே இருக்கிறது!

பெரிய மனிதர் முகத்தைப் படமாக்கி மாட்டும் இந்த வித்தையை நம் வட்டச் செயலாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் முன்னோரை அவமதித்தவர்கள் ஆவோம். இது 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்த தொழில். அதில் இந்தியாவிலேயே பேர்போனவர் ஓவியர் ரவி வர்மா. கிளிமானூர் அரண்மனைப் பிள்ளை. 1873-இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கினார். அதிலிருந்து ராஜாக்கள், திவான்கள், துரைமார் எல்லாரும் அவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகர்: பக்கிங்ஹாம் கோமகன், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர்.

கோமகனுடைய அப்பா வைத்த கடனில், 1848-இல் அவர்கள் மாளிகைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் 40 நாள் நடந்தது. மகன் ரயில் கம்பெனித் தலைவராகி, மந்திரியாகி, தட்டுத்தடுமாறி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். ரவி வர்மா படத்தை முடித்ததும் கோமகனுக்கு ஏக சந்தோஷமாம். முன்பு ஒரு பிரெஞ்சு ஓவியனுக்குப் பதினெட்டு தடவை உட்கார்ந்தும் இதில் பாதிச் சாயல்கூட வரவில்லை என்று மெச்சினாராம். ரவி வர்மாவின் வாழ்க்கைக் கதை சொல்பவர்கள் இதைத் தவறாமல் சொல்வார்கள்.

பதினெட்டு தடவை! கோமகன் ஆண்ட காலத்தில் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். 1876-இல் தொடங்கி 1878 வரை, தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது ஒரு கணக்கு. கணக்கே ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எண்ணி முடிப்பதற்குள் எண்ணப்பட வேண்டியவர்கள் போய்விட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால் கோமகன் கொடுமைக்காரர் இல்லை. அரசாங்கமே தானியம் வாங்கட்டும் என்று கிளம்பி, வியாபாரத்தில் கை வைக்காதே என்று வைஸ்ராய் லிட்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். வைஸ்ராய்க்கு அப்போது தலைக்கு மேல் வேலை: 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினி பட்டம், தர்பார், விருந்து. அந்தக் கையோடு, செலவைச் சுருக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரையைத் தெற்கே அனுப்பினார். அவர் கண்டுபிடித்த கூலி, நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு சில்லறைக் காசு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இதில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவர் படத்தை யாரும் எந்த மாளிகையிலும் மாட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பசித்தவனுக்கும் படம் கிடைத்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி கேமராவோடு புறப்பட்டு, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக நிறுத்தியும் உட்காரவைத்தும் படம் பிடித்தார். லண்டன் படப் பத்திரிகைகளும் பஞ்சக் காட்சிகளை மரச்செதுக்காக வெட்டி அச்சிட்டன. அந்தத் தொழில் நடந்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய படம் என்றால் சின்னச் சின்ன மரக்கட்டைகளைத் திருகாணி போட்டு ஒன்றாகப் பூட்டி, மேலே படத்தை வரைவார்கள். பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவன் மரத்தைச் செதுக்குவான், ஒருவன் வானத்தை. ஒருவனுக்கு விலா எலும்பு கிடைக்கும், அடுத்தவனுக்கு அது யார் விலா என்றே தெரியாது. மறுபடி பூட்டி மை தடவினால் வாரக்கடைசிக்குள் லண்டன் சாப்பாட்டு மேசையில் இந்தியா தயார். கோமகனுக்கு அவர் பெயர் போட்ட முழு உருவம். நம் சனத்துக்குத் துண்டு துண்டாக உடம்பு, பெயர் கிடையாது.

கஞ்சி கொடுத்த இடம் மட்டும் நம் பக்கம்தான். அதற்கும் முந்தி, ஹைதர் அலி படையெடுத்த காலத்துப் பஞ்சத்தில், 1782-இல், கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் ராயபுரத்தை ஒட்டித்தானே இருக்கிறது. பக்கத்தில் எழுந்த ஆஸ்பத்திரிக்குப் பிற்பாடு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். சனங்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. கல்வெட்டு ஆளுநருடையது, வயிறு நம்முடையது.

பக்கிங்ஹாம் கால்வாய்க் கதை அதைவிட ஜோர். சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 1806-க்குள்ளேயே வெட்டிவிட்டார்கள். அப்போது அது கோக்ரேன் கால்வாய். அவர் ஒரு வெள்ளைக்கார வியாபாரி. எழுபது வருஷம் கழித்து, பஞ்ச நிவாரண வேலை என்று கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் தோண்டினார்கள். தோண்டியவர்கள் பட்டினிக்காரர்கள். 1878-இல் பெயர் கிடைத்தது கோமகனுக்கு. தெற்கே எட்டு கிலோமீட்டர் தோண்டியதற்கு, மரக்காணத்திலிருந்து ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் அவர் பெயர்! கோக்ரேன் படத்தின் மேலேயே கோமகன் படத்தை ஒட்டிவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த கட்சிக்காரன் பேனர்மேல் பேனர் கட்டுகிற நம் வட்டத்துக்கு இது பாடமாக இருக்க வேண்டியது.

ரவி வர்மாவை இதில் சேர்த்து அடிக்க எனக்கு மனமில்லை. அசலை ஒரு ராஜாதான் வாங்க முடியும், அச்சை ஊரே வாங்கும். படங்களை அச்சில் போடச் சொல்லி திவான் மாதவ ராவ் அவருக்கு யோசனை சொன்னார். 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மன் தொழில்நுட்பர்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல், கல்லுக்குக் கல் காகிதம் நகராமல் பதியவேண்டும். லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரமாயிரமாக இறங்கினார்கள். கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவன் வீட்டுச் சுவருக்குச் சாமி நடந்து வந்தது அந்த அச்சில்தான். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த உத்தமருக்கு என்ன லாபம்? பிளேக் வந்தது, கடன் ஏறியது, அச்சுக்கூடம் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்குப் போயிற்று. சாமி படம் போட்டவன் கடனாளி ஆனான். ஆசாமி படம் போடுகிறவன் இன்றைக்கு ஃப்ளெக்ஸ் மெஷின் இரண்டாவது வாங்கிவிட்டான்.

உயிரோடு இருப்பவர் படத்தைப் பேனரில் போடாதே என்று 2017 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கோவையில் விழா வளைவில் மோதி ஒரு இளைஞர் செத்தார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன பெண்மேல் கல்யாண பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அடிபட்டு அவரும் போனார். உயிரோடு இருப்பவர் படத்தைத் தடுக்கச் சொன்னார்கள். நாம் உயிரைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோமகன் கால்வாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நன்றாக வேலை செய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயை அதுதான் பத்திரமாகக் கொண்டுவந்து கொசஸ்தலையாற்றில், எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்த்தது. அலையாத்தி கறுத்தது, கூழைக்கடா கறுத்தது, வலை கறுத்தது, படகு கறுத்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். டெம்பிள் துரை இருந்திருந்தால் அதிலும் கொஞ்சம் குறைத்திருப்பார். எண்ணெய்ப் பிசுக்கு கையை விட்டுப் போவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அதற்கு முன்னால் 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சூழலுக்குச் சேதம் ஒன்றுமில்லை என்றுதான் துறைமுகத் தரப்பில் முதலில் சொன்னார்கள். அந்த ஒன்றுமில்லாததை எர்ணாவூர்க் கரையில் பக்கெட்டில் அள்ளினோம். 2023-இலும் அதே மக், அதே பக்கெட். அள்ளியவர்கள் படம் பத்திரிகையில் வந்தது. முழங்கை வரை தார், முகத்தில் தார், கீழே பெயர் இல்லை. ஹூப்பர் காலத்திலிருந்து நம் ஆட்களைப் படம் பிடிக்கிற முறை மாறவேயில்லை.

ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கால்வாய்க்கு மறுபடி பெயர் மாற்றுங்கள். கோமகனுக்கு 145 வருஷத்துக்கு மேல் கொடுத்தாயிற்று. மைலுக்கு ஒரு முகமாகப் பிரித்துக்கொண்டால் ஆலை, துறைமுகம், வாரியம், கட்சி யாருக்கும் மனத்தாங்கல் வராது. படத்தைக் கொஞ்சம் உயரத்தில் கட்டச் சொல்லுங்கள், அடுத்த வெள்ளத்தில் எண்ணெய் தாடைவரை ஏறினால் சிரிப்பு கெட்டுவிடும். அப்படியே பக்கெட்டுக்கும் டெண்டர் விட்டுவிடுங்கள். போன தடவை வந்தது பாதி ஓட்டை.