மூடிக்கு இவ்வளவு மரியாதையா?

கேள்வி: என் காரில் கூலன்ட் அடிக்கடி குறைகிறது. ஒழுகலும் தெரியவில்லை. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றச் சொல்கிறார். ஒரு மூடி அவ்வளவு பெரிய ஆளா?

பதில்: ஆள் சின்னதுதான், அதிகாரம் பெரிது! திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியிலுள்ள ஸ்பிரிங் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அடக்கி வைத்தால், 120 டிகிரி வரை வாய் திறக்காது. ரப்பர் வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடக்கம் போச்சு; கூலன்ட்டும் ஒழுகல் தெரியாமல் ஆவியாய்ப் போச்சு. இன்ஜின் ஆறியதும் மேல் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால், கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடும் குட்டி வால்வு மக்கர் செய்கிறது. புது மூடியில் கார் கையேடு சொல்லும் அழுத்த எண்ணே இருக்கட்டும். கூடினால் ஹோஸ் ராஜினாமா செய்துவிடும். இன்ஜின் நன்றாக ஆறியபின் திறங்கள். ஆவி பிடிக்க நொச்சி இலை இருக்கிறதே!