பதினான்கு அடி: இறக்கிவிடலியல் குறித்து ஓர் ஆய்வு

பிறர் வீட்டுப் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து அதன் வாசலில் விட்டவர், கியரை எப்போது போடலாம்? இந்தக் கேள்விக்கு நம் இலக்கண நூல்களில் விடை இல்லை. களவுக்கு இலக்கணம் உண்டு, கற்புக்கு உண்டு. பகைவன் கோட்டையை வளைத்து மதில் ஏறுவதற்கு உழிஞை என்று தனித் திணையே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் தன் சொந்த வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வாளரின் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நங்கநல்லூரில் வாரம் இரண்டு நாள் நடக்கும் ஓர் இந்தி வகுப்பிலிருந்து, என் மகளையும் அவளோடு படிக்கும் மூன்று பிள்ளைகளையும் இரவு ஏழே முக்காலுக்கு ஏற்றி வருபவன் நான். பிராத்மிக்கில் தொடங்கியது, மத்யமா தாண்டி ராஷ்ட்ரபாஷா வரை வந்துவிட்டது. பிள்ளைகள் படித்த நேரத்தைவிட நான் வாசல்களில் நின்ற நேரம்தான் அதிகம் என்பது என் மனைவியின் கருத்து. துறைக்கு வெளியே இருப்பவர் கருத்து என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வுக் களம், வண்டிக் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் கிடக்கும் நிலம். சராசரியாகப் பதினான்கு அடி; ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காலாலேயே அளந்தேன். ஆடும் சாக்கடை மூடி ஒன்று, அதன் மேல் படுத்திருக்கும் நாய், கேட், கேட்டின் கொண்டி, இரண்டு படி, செருப்பு ஸ்டாண்ட், கிரில், அதற்கும் உள்ளே மரக்கதவு. இத்தனையும் அந்தப் பதினான்கு அடியில் அடக்கம்.

சட்டம் இந்த நிலத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதி வெளியிட்டது. பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 2012-லேயே தனி விதிகள் வந்தன. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எல்லாம் சரி. இறங்கிய பிறகு? காலில் ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து, ஒரு கையில் குடை, மறு கையில் தண்ணீர் பாட்டில், கொண்டியை முழங்கையால் தூக்கப் பார்க்கும் ஆறாம் வகுப்புப் பையனைப் பற்றி எந்த அரசிதழும் பேசவில்லை. அந்த இடத்தில் அரசின் எல்லை முடிந்து என் ஹெட்லைட்டின் எல்லை தொடங்குகிறது.

இனித் திணை. காத்திருக்கும் செயல் என்பதால் இது முல்லை என்று முதல் பார்வையிலேயே தெரியும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், சிறுபொழுது மாலை. ஒரு சிறுபொழுதுக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம்; மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து வரை ஓடும். நம் எட்டு மணி அதில் கச்சிதமாக உட்காருகிறது. பெரும்பொழுதில்தான் சிக்கல். முல்லைக்கு உரியது கார்காலம், ஆவணியும் புரட்டாசியும். சென்னையில் மழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில். அது கூதிர், குறிஞ்சிக்குப் போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் வைப்பர் ஓட ஓட நிற்பவனைக் குறிஞ்சித் தலைவன் என்று சொன்னால் என் மனைவி மறுபடியும் கருத்துச் சொல்வாள். திணை மயக்கம் என்று கொண்டு மேலே செல்கிறேன்.

துறையின் மையச் சிக்கல் இதுதான்: பிள்ளை உள்ளே போய்விட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது? சைவ சித்தாந்திகள் அறிவதற்கான அளவைகளை மூன்றாக அடக்குவார்கள்: காட்சி, கருதல், உரை. மூன்றையும் களத்தில் சோதித்தேன்.

காட்சி என்பது கதவு திறந்து, ஒரு பெரியவர் தலை தெரிந்து, பிள்ளை அதற்குள் மறைவதைக் கண்ணால் காண்பது. இதில் குற்றமில்லை. ஆனால் அழைப்பு மணிக்கு யாராவது வர வேண்டுமே. குருவி போலக் கத்தும் மணி அது. உள்ளே டிவி சீரியலில் யாரோ அழுதுகொண்டிருக்கும்போது குருவிக்கு மதிப்பில்லை.

உரை என்பது ஆப்தர் வாக்கு; நம் காலத்தில் மிஸ்டு கால். "வீட்டுக்குள்ள போனதும் அம்மாவ ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பலாம். பிள்ளை மறக்கும், அம்மா மறு ஞாயிறு நினைவு வந்து கொடுப்பார்.

ஆகவே நடைமுறையில் எல்லோரும் நம்புவது கருதலைத்தான். புகை கண்ட இடத்தில் நெருப்பு என்பது போல, விளக்கு எரிந்தால் பிள்ளை உள்ளே. இந்தக் கொள்கையின் தீவிர ஆதரவாளனாக நான் ஓராண்டு இருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது உடைந்தது. ஆறாம் வகுப்புப் பையன் இறங்கினான், கேட் திறந்தது, விளக்கு எரிந்தது, கதவு சாத்திய சத்தமும் கேட்டது. திருப்தியாகக் கிளம்பினேன். இருபது நிமிடம் கழித்து அவன் அம்மாவின் போன்: "சார், இன்னிக்கு கிளாஸ் லேட்டா?" என் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றுவிட்டது. பையன் போனது பக்கத்து வீட்டுக்கு. அங்கே புதிதாக லாப்ரடார் குட்டி வாங்கியிருந்தார்கள். புகை இருந்தது, நெருப்பும் இருந்தது, அடுப்புதான் வேறு.

இன்மையையும் ஓர் அளவையாகக் கொண்டவர்கள் உண்டு. போன் வரவில்லை, ஆகவே பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் வழி. அந்த வெள்ளிக்குப் பிறகு எனக்கு அதில் தெம்பில்லை.

நான்காம் வகுப்புப் பெண்ணின் சிக்கல் வேறு வகை. அவள் மரியாதை தெரிந்தவள். நான் போகும்வரை கேட்டில் நின்று டாட்டா காட்டுவாள். அவள் உள்ளே போகும்வரை நான் போவதில்லை. "போங்க அங்கிள்." "நீ போம்மா மொதல்ல." "நீங்க போங்க." கணினிக்காரர்கள் இதை டெட்லாக் என்பார்கள், இரு பக்கமும் மற்றவருக்காகக் காத்து, இரண்டும் உறைந்துபோவது. கணினியில் இதை அவிழ்க்க ஒரு பக்கத்தை வலுக்கட்டாயமாக நிறுத்துவார்கள். இங்கே அந்த வேலையை அவள் பாட்டி செய்தார். மாடியிலிருந்து ஒரே குரல்: "ஏண்டி, மாமாவ எத்தன நாழி நிக்க வெப்ப? வா உள்ள!"

கடைசியாக இறங்குபவன் ஒன்பதாம் வகுப்பு. மீசை அரும்பிய வயது. கூடவே மானமும் அரும்பிவிட்டது. ஃப்ளாட் வாசலில் அவன் நண்பர்கள் ஷட்டில் ஆடுவார்கள். "அங்கிள், முனையிலயே எறக்கி விட்டுடுங்க" என்றான் ஒருநாள். விட்டேன். ஆனால் கிளம்பவில்லை. போன் பார்ப்பவன் போல முகத்தில் வெளிச்சம் விழ வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மூன்றாம் மாடியைப் பார்த்திருந்தேன்.

"அப்பா, போலாம்ப்பா. அவன் எப்பவோ போயிட்டான்" என்றாள் பின்சீட்டிலிருந்து மகள்.

"பாத்தியா?"

"லிஃப்ட் சத்தம் கேட்டுச்சு."

கருதல். ஏற்கவில்லை.

இப்படியே சில வாரம். போன மாதம் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். எதிர்வீட்டுப் பெரியவர்; மடித்துக் கட்டிய வேட்டி, கையில் டார்ச். "யாரு சார் வேணும்? ரொம்ப நாளா பாக்கறேன், இதே நேரத்துல வந்து இங்கயே நிக்கறீங்க." இந்தி வகுப்பு, மூன்றாம் மாடி, லாப்ரடார், அளவைகள் மூன்று எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதாகக் கேட்டார். பிறகு டார்ச்சைத் தாழ்த்தி என் நம்பர் பிளேட்டைப் படித்து, சட்டைப் பையிலிருந்த பால் அட்டையின் பின்பக்கம் நிதானமாகக் குறித்துக்கொண்டார்.

"சரி, கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். என் வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் கேட்டுக்குள் போகவில்லை.