விடை வந்துவிட்டது, ஆள்?

கேள்வி: கல்வராயன் மலைமேல் உள்ள கரியாலூருக்கு ஏறி வந்து, பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வுக்கு விடை சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

பதில்: விடை எப்போதோ மலையேறி வந்துவிட்டதே! அரசு விலையின்றித் தரும் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. வரவேண்டியது, பிள்ளையின் நோட்டைப் புரட்டி, எந்த வரியில் கூட்டல் குறி கழித்தலானது என்று காட்டும் ஆள். வினாத்தாளைப் பாருங்கள்: வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மொத்தம் 30, தேர்ச்சிக்கு வேண்டியது 35; அந்த ஆள் முதலில் இவற்றைப் பழக்கினாலே தேர்ச்சி அருகில் வந்துவிடும். 'இது பாஸாக்கும் வித்தை, படிப்பல்ல' என்பார்கள். ஒப்பமாட்டேன். கவராயம் பிடித்துத் தொடுகோடு வரைந்த பிள்ளைக்கு, ஆரம் அதற்குச் செங்குத்து என்பது கைவழியே புரிகிறது; தேற்றம் பிறகு மிரட்டாது. இப்படிப் பழக்கித்தர, கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாலைப் படிப்புக்கென்றே ஒரு கணித ஆசிரியர் வேண்டும். இதைத்தான் உரக்கக் கேட்க வேண்டும்.