டாக்டரய்யா ஆராய்ச்சிப் பணம் வாங்குவது எப்படி?

முப்பது வருஷமாக வீரசோழனில் கிளினிக் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தை நாளில் டோக்கன் தீர்ந்து வாசல்படியிலும் ஆள் உட்கார்ந்திருக்கும். சீமைக்கருவேலம் வெட்டுகிறவர், கரிமூட்டம் பிரிக்கிறவர், மிளகாய் வத்தல் அள்ளுகிறவர் என்று தேள் கொட்டி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்குக் கடுப்போடு போய்விடுகிறது. இன்னொருவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை கால் சில்லிட்டு, கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்குகிறது. தாமதமாக வந்ததாலா, முதலில் மந்திரிக்கப் போனதாலா, சின்னப் பிள்ளை என்பதாலா? இதை முறையாக ஆராய்ந்து பார்த்தால் என்ன என்று ஒரு ராத்திரி உங்களுக்குத் தோன்றுகிறது. தப்பில்லை, டாக்டரய்யா. அதற்குப் பணம் வாங்கும் வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக, வீரசோழனில் இல்லாமல் இருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1911இல் ஆராய்ச்சி நிதிச் சங்கமாகவே பிறந்தது. 1949இல்தான் இப்போதைய பெயர் வந்தது. பணம் கொடுப்பதற்கென்றே பிறந்த அமைப்பு. ஆனால் அது பணம் கொடுப்பது நிறுவனத்துக்கு, உங்களுக்கு அல்ல. தனியார் நிறுவனம் என்றால் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறை அங்கீகாரம் வேண்டும். உங்கள் நிறுவனமோ இரண்டு அறை, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கம்பவுண்டர். ஆகவே நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை தாண்டி விருதுநகருக்குப் பஸ் ஏறுங்கள். 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். நீங்கள் கிளினிக் போர்டு மாட்டிய வருஷம் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் உதவிப் பேராசிரியர் கிடைப்பார். அவர்தான் முதன்மை ஆய்வாளர், நீங்கள் இணை ஆய்வாளர். தேளைப் பற்றி அவர் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். உங்களைப் பற்றி டெல்லிக்கு அவர் எழுதுவார்.

இரண்டாவது, கட்டுரை எழுதியவராக இருங்கள். 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து நடத்துவது. மருத்துவர்களுக்கென்றே தனியாக பெலோஷிப் வைத்திருக்கிறார்கள், சம்பளமும் உண்டு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைத் தாங்க அங்கேயும் ஒரு நிறுவனம் வேண்டும், பெயர் சொல்லும் கட்டுரைகளும் வேண்டும். எத்தனை கட்டுரை எழுதினீர்கள் என்று கேட்காத படிவம் இல்லை. எத்தனை உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்கும் கட்டத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

பட்ஜெட் எழுதும்போது கவனம். ஆய்வு உதவியாளர் சம்பளம் எழுதலாம். ரசாயனம், பயணம், இதர செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு எல்லாம் எழுதலாம். செவ்வாய்க்கிழமை ஓ.பி.யைச் சாத்திவிட்டு நீங்கள் நோட்டோடு உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போகுமே, அதை எழுதப் பெரும்பாலான படிவங்களில் இடம் இல்லை. பிரிட்டனில் 2006இல் தொடங்கிய தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், வைத்தியத்தை விடாத மூத்த மருத்துவர்களின் நேரத்துக்கே பணம் கட்டுகிறது. அதைப் படித்துப் பெருமூச்சு விடுங்கள். பெருமூச்சை இதர செலவில் சேர்க்க முடியாது.

நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுவும் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் செல்லாது. இதை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். வலியில் துடிக்கிறவர் எந்தத் தாளிலும் கைநாட்டு வைப்பார். மருந்தைச் சோதிக்கும் ஆய்வென்றால் 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. இந்த வழிகாட்டியில் காசு கேட்காத ஒரே படி இதுதான், நழுவ விடாதீர்கள்.

பணம் வந்துவிட்டதா? தவணையாகத்தான் வரும். அடுத்த தவணைக்கு முன்னால் பயன்பாட்டுச் சான்றிதழ், படிவம் 12-ஏ. அது டேபிள் டேபிளாக நகரும்வரை உதவியாளர் சம்பளமில்லாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார். தேள் மார்ச் 31க்குக் காத்திருக்காது.

இந்த வழியில் போகாத ஒருவரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மகாராஷ்டிராவில் மகாட் பக்கம் பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். கொங்கணத்தில் செந்தேள் கொட்டியவர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்கள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். 1982இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. விஷம் நரம்புகளை உசுப்பி ரத்த நாளங்களை இறுக்குகிறது என்பதால், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 1986இல் அதுவும் ‘லான்செட்’டில் வந்தது. நூற்றுக்கு நாற்பது என்றிருந்த சாவு ஒன்றுக்கும் கீழே வந்தது என்கிறார்கள். பிறகு மகாடில் சொந்த ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டே, மனைவி பிரமோதினியையும் சேர்த்துக்கொண்டு, விஷமுறிவு மருந்தையும் பிரசோசினையும் சேர்த்துச் சோதித்து 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பத்மஸ்ரீ 2022இல் வந்தது. படிவம் 12-ஏ தரும் பயிற்சி ஏதும் இல்லாமலே ஒரு மனிதர் இப்படிக் கெட்டுப்போயிருக்கிறார்.

ஆனால் அவரைக் காட்டி, பணமே வேண்டாம், மனசிருந்தால் போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பவாஸ்கருக்குப் பின்னால், நோட்டு எடுக்க நேரமில்லாமல் ஓய்வு பெற்ற டாக்டர்கள் தாலுகாவுக்குத் தாலுகா இருப்பார்கள். அவர்கள் பார்த்தது அவர்களோடு போய்விட்டது. நிதி கொடுக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய தொகை அல்ல: வாரத்தில் ஒரு நாள் ஓ.பி.க்கு ஈடு, ஒரு நர்ஸின் சம்பளம், கிராமத்து டாக்டரே முதன்மை ஆய்வாளராகக் கையெழுத்துப் போடும் உரிமை. அடுத்த விண்ணப்ப அழைப்பு வரும்போது இந்த மூன்றையும் எழுதி டெல்லிக்கு அனுப்புங்கள். அதுவரை, கொட்டிய நேரம், வந்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம், ரத்த அழுத்தம் நான்கையும் டோக்கன் சீட்டின் பின்புறத்திலாவது எழுதி வையுங்கள், ஐயா.